கம்பெனி கைமாறினால் கிரீன் கார்டு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று, அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ அனுமதி தரும் கிரீன் கார்டுக்காக எனக்குக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அங்கீகாரமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் ஐந்தாவது வருடம். அந்த மின்னஞ்சலில் சம்பளம், இன்சூரன்ஸ், லீவு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கிரீன் கார்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று ராத்திரி நானும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் பழைய காகிதங்களை எல்லாம் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்முன் நிற்கிறது.

அதற்குப் பிறகு வக்கீல்களிடம் கேட்டும் விதிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை, நியூ ஜெர்சியில் எங்களைச் சுற்றியுள்ள நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லி வருகிறேன். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இங்கே இருப்பவை. நான் வக்கீல் இல்லை. இதைப் படித்துவிட்டு, உங்கள் காகிதங்களோடு ஒரு குடியேற்ற வக்கீலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிரீன் கார்டு என் பெயரில் வரப்போவது. கம்பெனியை யார் வாங்கினால் எனக்கென்ன?

வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டுக்கு அடிப்படை ஒரு வேலை வாக்குறுதி. "இந்த ஊரில், இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு இவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வோம்" என்று ஒரு குறிப்பிட்ட கம்பெனி அரசாங்கத்திடம் சொல்கிறது. முதல் படி பெர்ம். அமெரிக்காவில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் கம்பெனி காட்ட வேண்டும். இரண்டாவது ஐ-140. யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையிடம் கம்பெனி போடும் மனு. மூன்றாவது ஐ-485, கிரீன் கார்டுக்கான விண்ணப்பம். அது மட்டும்தான் நீங்கள் போடுவது. முதல் இரண்டும் கம்பெனியின் சொத்து மாதிரி. கம்பெனி கைமாறினால், அந்த வாக்குறுதியை இப்போது யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அதற்கான பதில் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. கைமாறிய தேதியன்று நீங்கள் எந்தப் படியில் இருந்தீர்கள் என்பது ஒன்று. எந்த விதமாகக் கைமாறியது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரியாமல் நண்பருடைய அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்கே பதில் வேறாக இருக்கும்.

எங்கள் கம்பெனியில் நடப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறும் பெயர் மாற்றம் ஒரு வகை. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் மெட்டா ஆனது அப்படி. ஒரு கம்பெனி தன்னைப் பிரித்துக்கொள்வது இன்னொரு வகை. 2015 நவம்பரில் எச்பி இரண்டாகப் பிரிந்தது, 2021 நவம்பரில் ஐபிஎம்மிலிருந்து கிண்ட்ரில் தனியாகப் போனது. சில சமயம் பிரிந்த துண்டு இன்னொன்றோடு சேர்ந்து புதிதாக ஒன்று பிறக்கும். எச்பி எண்டர்பிரைஸின் சேவைப் பிரிவும் சிஎஸ்சியும் சேர்ந்து 2017 ஏப்ரலில் டிஎக்ஸ்சி ஆனது போல.

வாங்குவதிலும் இரண்டு விதம் உண்டு. பங்குகளை வாங்கினால் கம்பெனி அப்படியே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். சொத்துகளை வாங்கினால் பழைய கம்பெனியின் ஒரு பிரிவை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். சைமன்டெக்கின் எண்டர்பிரைஸ் பாதுகாப்புப் பிரிவை 2019இல் பிராட்காம் வாங்கியது இந்த இரண்டாவது விதம். அதிக வேலை வைப்பதும் இதுதான்.

எச்.ஆர். சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டிக் கம்பெனி தரும் டபிள்யூ-2 படிவத்தில் ‘பி’ என்ற கட்டத்தில் ஒன்பது இலக்க எண் ஒன்று இருக்கும். அது கம்பெனியின் ஈஐஎன், வரி எண். பெர்ம் படிவத்திலும் அதே எண் இருக்க வேண்டும். கம்பெனி கைமாறியபின் வரும் டபிள்யூ-2-இலும் அதுவே இருந்தால் உங்கள் சட்டபூர்வ முதலாளி பெரும்பாலும் மாறவில்லை. எண் மாறியிருந்தால் வக்கீலிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மனைவி ஒரு காகிதத்தைப் பார்த்து வாசிக்க நான் இன்னொன்றில் சரிபார்த்தேன். மூன்றாவது இலக்கத்திலேயே வேறுபட்டது. தூக்கம் போனது அங்கேதான். ஆனால் செய்ய வேண்டிய வேலை என்ன என்று தெரிந்ததும் அங்கேதான்.

பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

பொதுவாகப் புது மனு தேவையில்லை. பெயர் மாற்றத்துக்கான மாநில அரசுச் சான்றின் நகலைக் கம்பெனியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றுதான் என்று காட்டச் சொன்னால் அது போதும். பங்குகள் மட்டும் கைமாறி, அதே கம்பெனி அதே ஈஐஎன் எண்ணோடு தொடர்ந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

"சக்ஸஸர் இன் இன்ட்ரஸ்ட்" என்று வக்கீல் சொல்கிறார். அது என்ன?

தமிழில் வாரிசு நிறுவனம் என்று சொல்லலாம். பழைய கம்பெனி கொடுத்த வேலை வாக்குறுதியைப் புதுக் கம்பெனி வாரிசாக ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டால் பெர்மை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பழைய பிரியாரிட்டி தேதியும் அப்படியே நிற்கும்.

இந்த விதியின் வேர் ஒரு கார் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறது. எல்வைரா ஆட்டோ பாடி என்ற கடை ஒரு மெக்கானிக்குக்காக வாங்கிய, இன்றைய பெர்ம் மாதிரியான தொழிலாளர் சான்றைக் காட்டி, டயல் ஆட்டோ ரிப்பேர் ஷாப் என்ற கடை மனுப் போட்டது. அந்தக் கடைக்கு நாங்கள்தான் வாரிசு என்றது. "சொன்னால் போதாது, எப்படி வாங்கினீர்கள், எதையெல்லாம் ஏற்றுக்கொண்டீர்கள் என்று காகிதத்தில் காட்டுங்கள்" என்பதுதான் 1986இல் வந்த முடிவின் சாரம். இன்றைக்குப் பெரிய பெரிய மென்பொருள் கம்பெனிகள் கைமாறும்போதும் நம்முடைய கோப்பை அந்த முடிவை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

2009 ஆகஸ்டில் யுஎஸ்சிஐஎஸ் இதைத் தெளிவாக்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. பழைய கம்பெனியின் கடன், பொறுப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாங்கியிருக்க வேண்டியதில்லை, நீங்கள் வேலை செய்யும் பிரிவை அதன் தொழிலோடு வாங்கியிருந்தாலும் வாரிசாகலாம் என்றது. நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஆட்களை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டாலோ, கம்ப்யூட்டரும் மேஜையும் மட்டும் வாங்கினாலோ வாரிசு ஆக முடியாது.

பார்ப்பது மூன்று. முதலில், வேலை அதே வேலையாக இருக்க வேண்டும். அடுத்து, கைமாறியது எப்படி என்று ஒப்பந்தம், அறிவிப்பு, வரித் தாக்கல் போன்றவற்றால் காட்ட வேண்டும். மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது: சம்பளம் கொடுக்கும் சக்தி. உங்கள் பிரியாரிட்டி தேதி 2021 மே, கம்பெனி கைமாறியது 2023 செப்டம்பர் என்று வைத்துக்கொள்வோம். 2021 மே முதல் 2023 செப்டம்பர் வரை பெர்மில் சொன்ன சம்பளத்தைக் கொடுக்கும் நிலையில் பழைய கம்பெனி இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகு புதுக் கம்பெனி காட்ட வேண்டும். இழுத்து மூடிய கம்பெனியின் பழைய வரிக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது? கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இ நோட்டீஸ் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீங்களே உதவக்கூடிய இடமும் இதுதான். பெர்மில் சொன்ன சம்பளமோ அதற்கு மேலோ உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்திருந்தால், அந்தந்த வருட டபிள்யூ-2வே சாட்சி. அதனால் ஒரு வருட டபிள்யூ-2வைக்கூடத் தொலைக்காதீர்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால் நிதித் தலைமை அதிகாரியின் கடிதத்தையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று விதி சொல்கிறது.

எனக்கு இன்னும் பெர்ம் கட்டம்தான். எனக்கு என்ன?

விளம்பரம் மட்டும் கொடுத்து, இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால், புதுக் கம்பெனியின் பெயரில் மறுபடி தொடங்கிவிடுவது நல்லது என்றே பல வக்கீல்கள் சொல்வார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பின்னால் மறுக்கப்படுவதைவிட இது மேல்.

தாக்கல் செய்து காத்திருக்கிறீர்கள் என்றால், அந்தப் படிவத்தில் கம்பெனியின் பெயரைத் திருத்த முடியாது. தாக்கலான பெர்மில் திருத்தம் ஏற்பதில்லை என்பது 2007 ஜூலையிலிருந்தே விதி. அதற்காகப் பதற வேண்டாம். பழைய பெயரிலேயே சான்று வரட்டும். வந்தபின் வாரிசு என்ற முறையில் புதுக் கம்பெனி அதை வைத்து ஐ-140 போடலாம்.

சான்று கையில் இருந்தால் கெடு 180 நாள். அதற்குள் ஐ-140 போய்ச் சேராவிட்டால் சான்று காலாவதி. கம்பெனி கைமாறும் பரபரப்பில், பழைய வக்கீலிடமிருந்து புது வக்கீலுக்குக் கோப்பு போகும் இடைவெளியில், இந்த 180 நாள் கரைந்துவிடுவதுண்டு. அந்தத் தேதியை நீங்களே எழுதிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்துங்கள். தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள்.

ஐ-140 அங்கீகாரமாகிவிட்டது. இனி கவலை இல்லைதானே?

பாதிக் கவலை போய்விட்டது. பிரியாரிட்டி தேதி உங்களுடையதாகிவிட்டது. மோசடி, பொய்த் தகவல், பெர்ம் ரத்து, யுஎஸ்சிஐஎஸ்ஸின் பெரிய தவறு போன்ற காரணங்கள் இல்லாதவரை, கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் அந்தத் தேதி உங்களோடு வரும். வேலை வழிக் கிரீன் கார்டின் ஈபி-2, ஈபி-3 பிரிவுகளில் இந்தியர்களுக்கு வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நீளும் நிலையில், அந்தத் தேதிதான் உங்கள் கையில் இருக்கும் பொக்கிஷம்.

ஆனால் மனு உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2017 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அங்கீகாரமாகி 180 நாள் ஆனபின் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும், கம்பெனியே மூடப்பட்டாலும், அது தானாக ரத்தாகாது. 180 நாளுக்குள் நடந்தால் ரத்தாகிவிடும். ரத்தானால் தேதி மிஞ்சும். ஆனால் எச்-1பியை அதன் வழக்கமான ஆறு வருட எல்லைக்கு மேல் நீட்டிக்க அந்த ஐ-140ஐக் காட்ட முடியாது.

எனக்கு அந்த 180 நாள் முடிய இன்னும் ஐம்பத்தெட்டு நாள் இருந்தது. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தினசரி நாள்காட்டி சமையலறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 180ஆம் நாளுக்குரிய தாளின் மூலையில் மனைவி மஞ்சள் தடவி வைத்தாள். பழைய கம்பெனியின் எச்.ஆர். அம்மாவிடம் போய், "தயவுசெய்து அந்தத் தேதிக்கு முன் எதையும் வாபஸ் வாங்காதீர்கள், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை" என்று நேரில் கேட்டேன். அவர் குறித்துக்கொண்டார், சொன்னபடி செய்தார். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! இப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அப்படியானால் புதுக் கம்பெனி மறுபடி ஐ-140 போட வேண்டுமா?

ஈஐஎன் எண் மாறி, வாரிசு நிறுவனம் என்ற நிலை வந்தால், ஆம். பழைய பெர்ம் நகலோடு, கைமாறியதற்கான ஆதாரங்களையும் வைத்துத் திருத்திய ஐ-140 போட வேண்டும். முதல் ஐ-140 பெர்மின் 180 நாள் கெடுவுக்குள் போடப்பட்டிருந்தால், இப்போது அந்தக் கெடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. முதல் ஐ-140 இன்னும் நிலுவையில் இருந்தாலும் இதேதான் வழி.

எனக்கு இதைப் போட எட்டு மாதம் எடுத்தார்கள். ஆள் அதிகம், வரிசையாகச் செய்கிறோம் என்றார்கள். பிரியாரிட்டி தேதி அருகில் வந்துவிட்டவர்களை முதலில் கவனிக்கச் சொல்லிக் கேட்கலாம். எந்தத் தேதிவரை முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி எட்டும்போது கையில் சரியான ஐ-140 இல்லாமல் ஐ-485 போட முடியாமல் நிற்பது கொடுமை. 2020 அக்டோபரில் ஈபி-3 இந்தியாவின் தாக்கல் தேதி திடீரென்று 2015 ஜனவரிக்குத் தாவியது. ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாதம் ஓடி ஓடிப் போட்டார்கள். அப்படி ஒரு கதவு சொல்லிக்கொண்டு திறப்பதில்லை.

ஐ-485 போட்டு ஒரு வருடம் ஆகிறது. கம்பெனியை விற்றுவிட்டார்கள்.

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். 2000 அக்டோபரில் வந்த ஏசி-21 சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஐ-485 நிலுவையில் 180 நாள் ஆகிவிட்டால், அதே மாதிரியான அல்லது அதை ஒத்த வேலைக்கு நீங்கள் வேறு கம்பெனிக்கே போகலாம். வாங்கிய கம்பெனியிலேயே தொடரவும் செய்யலாம். புது ஐ-140 தேவையில்லை. சப்ளிமென்ட் ஜே என்ற படிவத்தில் புதுக் கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். வாரிசா இல்லையா என்ற விவாதமே உங்களுக்கு வேண்டாம்.

180 நாள் ஆகவில்லை என்றால் வாரிசு வழிதான். புதுக் கம்பெனி திருத்திய ஐ-140 போட்டு, அதை உங்கள் நிலுவையிலுள்ள ஐ-485உடன் இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வேலை மாறியவர்களுக்கு, பழைய கம்பெனியின் ஐ-140இல் பிரச்சினை வந்தால் அதைச் சொல்லாமலே ரத்து செய்துவந்த காலம் ஒன்று இருந்தது. நம் ஊர்க்காரர்கள் உட்படப் பலர் நீதிமன்றம் போனபின், 2017 நவம்பரில் யுஎஸ்சிஐஎஸ் அந்த நிலையை மாற்றியது. முறையாக சப்ளிமென்ட் ஜே கொடுத்து வேலை மாறியவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் பதில் சொல்லலாம். அதனால் வேலை மாறினால் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சப்ளிமென்ட் ஜே கொடுத்துவிடுங்கள். வீட்டு முகவரியையும் மாற்ற மறக்காதீர்கள்.

என் எச்-1பி என்ன ஆகும்? மனைவியின் எச்-4 இஏடி வேலை அனுமதி?

எச்-1பிக்குச் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. கம்பெனி இணைந்தாலோ வாங்கப்பட்டாலோ, புதுக் கம்பெனி பழையதன் உரிமைகளையும் கடமைகளையும் ஏற்றுக்கொண்டு, உங்கள் வேலை நிபந்தனைகள் மாறாமல் இருந்தால், திருத்திய மனு வேண்டியதில்லை. எச்-1பிக்காகப் பழைய கம்பெனி தொழிலாளர் துறையிடம் கொடுத்த எல்சிஏ விண்ணப்பத்தின் பொறுப்புகளை ஏற்கிறோம் என்று உறுதிமொழி எழுதி, பொதுப் பார்வைக் கோப்பில் வைக்க வேண்டும். நீங்கள் புதுக் கம்பெனியின் சம்பளப் பட்டியலுக்கு மாறும் நாளுக்கு முன்பே அது அங்கே இருக்க வேண்டும். "என் எல்சிஏ அந்த உறுதிமொழியில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

வேலை இடம் வேறு பெருநகர்ப் பகுதிக்கு மாறினால் இந்தச் சலுகை உதவாது, திருத்திய எச்-1பி வேண்டும். 2015இல் வந்த சிமியோ வழக்கின் முடிவு அப்படித்தான் சொல்கிறது. ஒரே குழுமத்தின் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து மாற்றலாகி எல்-1 விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்-1 நிற்பதே இந்தியக் கம்பெனிக்கும் இங்குள்ள கம்பெனிக்கும் உள்ள உறவில். அந்த உறவு மாறினால் திருத்திய மனு தேவைப்படும்.

எச்-4 இஏடி பெரும்பாலும் உங்கள் ஐ-140 அங்கீகாரத்தைத் தொட்டு நிற்கிறது. ஐ-140 உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். வீட்டில் இரண்டு சம்பளம் அந்த ஒரு காகிதத்தில் நிற்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டவள் என் மனைவிதான்.

பதவிப் பெயரை மாற்றிவிட்டார்கள். சம்பளமும் கூடியது. ஆபத்தா?

பெயர் பெரிதல்ல, வேலைதான் முக்கியம். வாங்கிய கம்பெனியின் அடுக்கு வேறாக இருப்பதால் "சீனியர் இன்ஜினியர்" என்பது "இன்ஜினியர் 3" ஆகலாம். செய்யும் வேலையும் தேவையான படிப்பும் அனுபவமும் அதேயானால் கவலை இல்லை. சம்பளம் கூடுவதும் நல்லதே. குறைந்து, பெர்மில் சொன்ன தொகைக்குக் கீழே போனால்தான் கேள்வி வரும். நிரலாளராக இருந்தவரை மேலாளராக்கினால் அது வேறு வேலை என்று ஆகலாம். பதவி உயர்வைச் சந்தோஷமாக ஏற்கும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இடம் மாறுவது இதைவிடப் பெரிய விஷயம். பெர்ம் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கானது. எடிசன் அலுவலகத்தை மூடிவிட்டு டாலஸுக்கு வரச்சொன்னால், ஐ-485 நிலுவையில் 180 நாள் ஆகாதவருக்குப் புதுப் பெர்ம்தான் வழி. தினமும் போய்வரும் தூரத்துக்குள் அலுவலகம் நகர்ந்தால் பிரச்சினை இல்லை.

புதுக் கம்பெனி, "பழையதை எடுத்துக்கொள்ள மாட்டோம், புதிதாகப் பெர்ம் போடுகிறோம்" என்கிறது. கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. வாரிசாக ஏற்பது கம்பெனியின் விருப்பம். சில கம்பெனிகள் பழைய பெர்மில் தங்களுக்குத் தெரியாத தவறு இருக்குமோ என்று பயந்து புதிதாகத் தொடங்குகின்றன. ஐ-140 அங்கீகாரமானவருக்கு இதனால் தேதி போகாது. புது ஐ-140இல் பழைய தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இழப்பு, மறுபடி பெர்ம் முடியும் வரையான காலம். பெர்மின் வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது, அது கம்பெனியே கொடுக்க வேண்டியது.

ஐ-140 இன்னும் வராதவருக்கு இது கனமான அடி. பழைய தேதி போய்விடும். ஆறு வருடம் முடியப்போகிறவர் என்றால் இன்னும் அவசரம். பெர்மோ ஐ-140ஓ தாக்கலாகி 365 நாள் ஆகியிருந்தால்தான் ஆறு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடமாக நீட்டிக்க முடியும். இந்த நிலையில் இருப்பவர்கள் கம்பெனி கைமாறுவதற்கு முன்பே பேச வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வாங்குபவர்களுக்கு உங்களைப் போன்ற ஆட்கள் தங்க வேண்டும் என்ற தேவை இருக்கும். அப்போது கேட்டால் காது கொடுப்பார்கள்.

வாங்கியதும் ஆட்குறைப்பு என்கிறார்கள்.

வேலை போனால் எச்-1பியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இங்கே தங்கும் கெடுவைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அங்கீகாரமான ஐ-140இன் தேதியோடு அடுத்த கம்பெனிக்குப் போகலாம்.

வேலை போகாதவருக்கும் அடி உண்டு. அதே பகுதியில் அதே மாதிரி வேலையில் கம்பெனி ஆட்களை நீக்கியிருந்தால், அடுத்த ஆறு மாதத்துக்குள் பெர்ம் தாக்கல் செய்ய, நீக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்களுக்குத் தெரிவித்து, தகுதியானவர்களைப் பரிசீலிக்க வேண்டும். அந்தச் சிக்கல் வேண்டாம் என்று பல கம்பெனிகள் பெர்மையே நிறுத்திவைக்கின்றன. 2023இல் கூகுளும் அமேசானும் அப்படி நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும்.

சின்ன கன்சல்டிங் கம்பெனி. முதலாளி மூடிவிட்டுப் போய்விட்டார்.

பெர்ம் மட்டும் இருந்தால் அது அந்தக் கம்பெனியோடு முடிந்தது. ஐ-140 அங்கீகாரமாகி 180 நாள் தாண்டியிருந்தால் தேதியும், எச்-1பி நீட்டிக்கும் வசதியும் உங்களிடம் இருக்கும். ஆனால் கிரீன் கார்டு வாங்க இன்னொரு கம்பெனியின் பெர்மும் ஐ-140ம் வேண்டும். ஐ-485 180 நாள் தாண்டியவர் ஒத்த வேலை ஒன்றைத் தேடிக்கொண்டால் போதும்.

ஈபி-1ஏ, என்ஐடபிள்யூ போட்டவர்களுக்கு?

அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈபி-1ஏவும், நாட்டு நலனுக்காக வேலை வாக்குறுதியை விலக்கும் என்ஐடபிள்யூவும் நீங்களே போடும் மனுக்கள். கம்பெனி கைமாறுவதால் அந்த மனு கவிழாது. செய்துவரும் துறையைத் தொடர்ந்தால் சரி. பன்னாட்டுக் கம்பெனி மேலாளர்களுக்குக் கம்பெனி வழியாக வரும் ஈபி-1சி மட்டும் எல்-1 மாதிரியே நிறுவன உறவைச் சார்ந்தது.

கையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

பெர்ம் படிவத்தின் முழு நகல், ஐ-140 அங்கீகார நோட்டீஸ், எல்லா எச்-1பி நோட்டீஸ்களும், எல்லா டபிள்யூ-2வும், வேலை ஆணைக் கடிதங்களும், பழைய கம்பெனிகளின் அனுபவக் கடிதங்களும். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கைமாறும் நாளில் பழைய மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டு, பத்து வருடக் காகிதம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சில கம்பெனிகள் பெர்ம் நகல் தர மாட்டார்கள். ஐ-140 போடும் முன் நீங்கள் அதில் கையெழுத்திட வேண்டும், அப்போது நகல் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் இங்குள்ள தகவல் அறியும் சட்டமான ஃபோயாவின் கீழ் யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் உங்கள் கோப்பைக் கேட்கலாம். செலவு அதிகமில்லை, நேரம்தான் எடுக்கும்.

எச்.ஆரிடம் "என் கிரீன் கார்டு பாதிக்குமா?" என்று கேட்டால் "பாதிக்காது" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, கைமாறும் நாளுக்குப் பின் என் டபிள்யூ-2 எந்த ஈஐஎன் எண்ணில் வரும், வாரிசு நிறுவனம் என்று ஏற்று எனக்குத் திருத்திய ஐ-140 போடுவீர்களா, எந்த மாதத்துக்குள் என்று கேளுங்கள். கம்பெனி வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் கம்பெனி கொடுக்கிறது. ஒரு மணி நேரம் சொந்தக் காசில் வேறு வக்கீலைப் பாருங்கள். நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்ட பணம் அதுதான்.

இந்த நேரத்தில் ஊருக்குப் போய் வரலாமா?

பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி விசா பழைய கம்பெனியின் பெயரில் இருந்தாலும், புதுக் கம்பெனி அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தால் அதை வைத்துத் திரும்பலாம். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் போக வேண்டியிருந்தால், கைமாறியதை விளக்கிப் புதுக் கம்பெனி கொடுத்த கடிதம், புதுச் சம்பளச் சீட்டுகள், பழைய எச்-1பி நோட்டீஸ் மூன்றும் வேண்டும். முடிந்தால் கைமாறும் வாரத்தில் பயணம் வேண்டாம், கடிதம் தர ஆள் இருக்க மாட்டார்கள். ஐ-485 நிலுவையில் இருந்து எச் அல்லது எல் விசா இல்லாதவர்கள் வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே தரும் அனுமதியான அட்வான்ஸ் பரோல் கையில் வராமல் கிளம்பவே கூடாது. கைமாறியதை விளக்கும் அந்தக் கம்பெனிக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். நான் ஊரிலிருந்து திரும்பி நெவார்க் விமான நிலையத்தில் இறங்கியதும் அதிகாரி முதலில் கேட்டது, "இந்தக் கம்பெனியில்தான் இன்னும் வேலை செய்கிறீர்களா?" என்றுதான். கடிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.